டிடிஎஸ் மீட்டர்ல கிருமி தெரியாது சார்

திரும்பவும் அதே கதை. ஒரே ஹாஸ்டல், ஒரே கம்பெனி பஸ்ல வர்ற பசங்க, வரிசையா காய்ச்சல் வயித்துப்போக்குன்னு கிளினிக்ல வந்து உக்காருறாங்க, ஹெச்.ஆர்.க்கு போன் போட்டு குடிதண்ணிய பாருங்கன்னா "வெளிய பானிபூரி சாப்ட்டிருப்பானுங்க டாக்டர், வடநாட்டு பசங்க"ங்கிறார். சரி, பானிபூரி கடைக்கு எல்லா ஹாஸ்டல்காரனும்தான் போறான், ஒரு பில்டிங்ல மட்டும் ஏன் படுக்குறாங்கன்னு கேட்டா அடுத்த பதில் ரெடி: "நம்மகிட்ட ஆர்.ஓ. இருக்கு டாக்டர், டிடிஎஸ் 60 தான்."

இந்த டிடிஎஸ்ஸ கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. பேனா மாதிரி இருக்கே அந்த மீட்டர், அது தண்ணில கரைஞ்சிருக்குற உப்பைத்தான் சொல்லும், அவ்ளோதான். 60ல காலரா இருக்கலாம், 900ல ஒரு கிருமியும் இல்லாம இருக்கலாம். தெர்மாமீட்டர வாயில வச்சுட்டு பிபி நார்மல்ங்கிற மாதிரிதான் இது.

ஆர்.ஓ. கிருமிய புடிக்காதான்னா புடிக்கும், மெம்பரேன், அதான் உள்ள வடிகட்டுற ஜவ்வு, ஒழுங்கா இருந்தா. ஆனா அதுக்கு முன்னாடியே கார்பன் ஃபில்டர்ல, கிருமிய கொல்ற குளோரின் போயிடும். அதுக்கப்புறம் அந்த தண்ணி மூடி சரியா உக்காராத ஒரு டேங்குக்கு போகுது, அங்கேர்ந்து பைப்பு, கூலரு, சங்கிலி போட்டு தொங்கவிட்ட ஒரே ஒரு சில்வர் டம்ளரு, ஷிஃப்ட் மொத்தமும் அதுலதான் வாய வைக்குது. நடுவுல எங்க கிருமி பூந்தாலும் கேக்க ஆளில்ல. ஒரு இடத்துல குழாய் மூக்குல விரல வச்சு பாத்தேன், வழவழன்னு பாசி. டேங்க் கழுவுன ரெஜிஸ்டர்ல ஆறு மாச கையெழுத்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

இன்னும் சில பேரு "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, ருசியாவும் இருக்கு"ம்பாங்க. 1854ல லண்டன் பிராட் ஸ்ட்ரீட் காலரா, தெருவுல இருந்த ஒரு பம்பு தண்ணிலேர்ந்துதான் பரவுதுன்னு ஜான் ஸ்னோங்கிற டாக்டர் கண்டுபுடிச்சு, அந்த பம்போட கைப்பிடிய கழட்ட வச்சது எல்லாம் படிச்சிருப்பீங்க. அதுல ஒரு ஃபேக்டரியும் இருக்கு, அத யாரும் சொல்றதில்ல. துப்பாக்கில மருந்த பத்த வைக்குற கேப் செய்ற கம்பெனி, சுமார் 200 பேர் வேலை, அந்த பம்பு தண்ணிய ரெண்டு தொட்டில எப்பவும் ரொப்பி வச்சிருந்தாங்க, 18 தொழிலாளிங்க செத்தாங்க. அதே தெருவுல பீர் கம்பெனி, 70 பேருக்கு மேல, ஒருத்தரும் சாகல, அவங்களுக்கு உள்ளயே தனி கிணறு, குடிக்க பீர் வேற. (பீர் குடிக்கச் சொன்னேன்னு கெளப்பி விடாதீங்க.) கேப் கம்பெனி ஓனரோட அம்மா தூரத்துல ஹாம்ப்ஸ்டெட்ல இருந்தவங்க, அந்த பம்பு தண்ணிதான் ருசின்னு வண்டில வரவழைச்சு குடிச்சு, அவங்களும் போயிட்டாங்க.

இப்ப செய்ய வேண்டியத சொல்றேன். சம்ப், ஓவர்ஹெட் டேங்க் தண்ணிக்கு தெனமும் குளோரின் பாருங்க, டேங்க்ல இல்ல, கடைசி குழாய்ல, லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும். ஆர்.ஓ. தண்ணில குளோரின் இருக்காது, அதனால அந்த டேங்கயும் கூலரயும் நெஜமாவே கழுவி, பாக்டீரியா டெஸ்ட் எடுங்க, 100 மில்லில ஈ.கோலை, அதான் மலம் கலந்திருக்குன்னு காட்டிக் குடுக்குற கிருமி, ஒண்ணுகூட வரக்கூடாது. பிளீச்சிங் பவுடர கொட்டிட்டு மறுநாள் சாம்பிள் எடுத்து "ஆல் ஓகே"ன்னு வாட்ஸ்அப் பண்ணாதீங்க, கொட்டுறதுக்கு முன்னாடி எடுக்கணும், லேப்ல குடுக்குற ஸ்டெரைல் பாட்டில்ல. டைபாய்டு பெரும்பாலும் கிருமி உள்ள போய் ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுதான் வெளிய தெரியும், இன்னிக்கு தண்ணி நல்லா இருக்குன்னா அன்னிக்கும் நல்லா இருந்துச்சுன்னு அர்த்தமில்ல. விடால்னு ஒரு ரத்த டெஸ்ட், அத ஒரே ஒரு தடவை எடுத்துட்டு, அத மட்டும் நம்பி டைபாய்டுன்னு எழுதி ஊசி போடுற நம்ம டாக்டருங்களுக்கும் இதே திட்டுதான், முதல்ல பிளட் கல்ச்சர், அதான் ரத்தத்துலேர்ந்து கிருமிய வளத்துப் பாக்குற டெஸ்ட், அனுப்புங்கய்யா.

குடிதண்ணி எடம் கக்கூஸ்லேர்ந்து ஆறு மீட்டராவது தள்ளி இருக்கணும், பெரும்பாலான தொழிலாளிங்களுக்குப் புரியுற பாஷைல 'குடிதண்ணி'ன்னு போர்டு இருக்கணும்னு பழைய 1948 ஃபேக்டரி சட்டத்துலயே எழுதியிருந்துச்சு. லைன்ல நிக்கிறவன் முக்காவாசி ஹிந்தி, ஒடியா, போர்டு மட்டும் தமிழ்ல.

ஒண்ணே ஒண்ணு கெஞ்சிக் கேக்குறேன். வயித்தால போகுதுன்னு சொன்னா கான்ட்ராக்ட் பையனுக்கு அன்னிக்கு கூலி கட், அதனால சொல்லாம நிக்கிறான், கேன்டீன்ல பரிமாறுறவனும் சொல்லாமதான் கரண்டிய புடிக்கிறான். சம்பளத்தோட லீவு குடுங்க, ஓ.ஆர்.எஸ். குடுங்க. நாலு பேரு ஒண்ணா படுத்தா ட்ரெயின் ஏத்தி ஊருக்கு அனுப்பாம அன்னிக்கே ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு சொல்லுங்க, சாக்கடை தண்ணி எந்த பைப்புல கலக்குதுன்னு அவங்க வந்து பாக்கட்டும்.