துளிர்த்த குச்சி ஏன் வாடுகிறது? கைராசிமேல் பழி போடுவதற்கு முன்னால்

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், பாளையங்கோட்டை மகாராஜநகரில் இருந்து ஓர் அக்கா எங்கள் நர்சரிக்கு வந்தார். பையைத் திறந்து ஒரு செம்பருத்திக் குச்சியை எடுத்து மேஜைமேல் வைத்தார். நுனியில் சுருங்கிக் கருத்த நாலு குட்டி இலைகள்.

"நல்லாத்தான் துளிர்த்துச்சு அண்ணாச்சி. நாலு இலை விட்டுட்டு. சரி பிடிச்சுட்டுன்னு மாடியில வெயில்ல கொண்டு வச்சேன். மறுநாளே தலையைத் தொங்கப் போட்டுட்டு. எங்க மைனி எதை ஊனினாலும் வருது. எனக்குக் கைராசி கிடையாது."

சேரன்மகாதேவிப் பக்கம் இருபது வருஷமாக நாற்றுப்பண்ணை நடத்துகிறேன். இந்தப் பேச்சை நான் கேட்காத வாரமே இல்லை. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மனசு கஷ்டப்படும். ஆசையாக ஒரு குச்சியை ஊனி, தினமும் எட்டிப் பார்த்து, அது பட்டுப்போனதும் பழியைத் தன் கைமேல் போட்டுக்கொண்டு செடி வைப்பதையே விட்டுவிடுகிறார்கள். செத்த செடிக்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் செடியிலேயே தெரியும்.

அக்கா கொண்டுவந்த குச்சியின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாக ஒரு சின்னப் புடைப்பு, தழும்பு கட்டின மாதிரி. ஒரு வேர்கூட இல்லை. இலை விட்டது வேர் பிடித்ததால் அல்ல. குச்சிக்குள் ஏற்கெனவே சேர்ந்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்து மொட்டு விரிந்துவிட்டது. பானையில் இருந்த அரிசியைப் பொங்கித் தின்ற கதைதான், வெளியில் இருந்து வரவு இன்னும் தொடங்கவில்லை. அந்த நேரத்தில் வெயிலில் வைத்தால் இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும், கீழே இருந்து ஏற்றிக் கொடுக்க வேர் கிடையாது. ஒரே நாளில் வாடிவிடும். நான் பார்த்தவரை வீடுகளில் சாகும் குச்சிகளில் பாதிக்குமேல் இந்த இடைவெளியில்தான் சாகின்றன. துளிர் முன்னால் வருகிறது, வேர் பின்னால் வருகிறது. நடுவில் இரண்டு மூன்று வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செம்பருத்திக்கு வேர் இறங்க நாலில் இருந்து ஆறு வாரம் ஆகும். காகிதப்பூவுக்கு இன்னும் கூடுதல். பிச்சி, மல்லி இரண்டும் ஒன்றரை மாதம்வரை எடுத்துக்கொள்ளும். புதினாவும் மணிபிளாண்டும் தண்ணீர் பாட்டிலிலேயே பத்து நாளில் வேர் காட்டிவிடுவதால் எல்லாச் செடியும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

இன்னொன்று, வேர் வந்துவிட்டதா என்று பிடுங்கிப் பார்ப்பது. இதைச் செய்யாதவர்கள் குறைவு. புதிதாக வரும் வேர் நூல் கனம்தான் இருக்கும், மண்ணோடு ஒட்டி நிற்கும், லேசாக அசைத்தாலே அறுந்துவிடும். பிடுங்கிப் பார்த்து, "ஒன்றுமில்லையே" என்று மறுபடி ஊனினால் அந்தக் குச்சி முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குள் அதன் கையிருப்பு தீர்ந்துபோயிருக்கும்.

சரி, எந்தக் குச்சியை எடுப்பது? நுனியில் உள்ள பச்சைத் தண்டு அழுகும். அடியில் உள்ள கிழட்டுக் கம்பு வேர்விட ரொம்ப யோசிக்கும். இரண்டுக்கும் நடுவில், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கின பென்சில் கனக் கிளைதான் செம்பருத்தி, நந்தியாவட்டை மாதிரிச் செடிகளுக்கு ஏற்றது. காலையில் வெட்டுங்கள். ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு போதும். அடிப்பக்கம் ஒரு கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேல்பக்கம் நேராக வெட்டுங்கள். சாய்வு வெட்டு எதற்கு என்று கேட்பார்கள். நாற்பது குச்சியைக் கட்டி வைத்துவிட்டால் எது தலை, எது கால் என்று நமக்கே தெரியாது. தலைகீழாக ஊனின குச்சி ஒழுங்காக வராது. அடி இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு மேலே இரண்டை மட்டும் விட்டு, அதையும் பாதியாக நறுக்குங்கள். பூ, மொட்டு இருந்தால் இரக்கம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.

ஊனும் மண்ணில் உரம் வேண்டாம். இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. சாணி உரமும் மண்புழு உரமும் வேர் உள்ள செடிக்குத்தான் உணவு. பச்சை வெட்டுக்காயத்துக்கு அவை அழுகலைக் கொண்டுவரும். பருமணல் பாதி, கழுவிப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவு பாதி, அவ்வளவுதான். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதில் உள்ள உப்பே குச்சியைக் கெடுக்கும். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து ஆட்கள் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். உப்புப் போர் தண்ணீரை ஊற்றினால் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டும். அதைக் கண்டால் குச்சி பிடிக்கும்வரையாவது மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

கற்றாழைச் சாறு, தேன், இளநீர் எல்லாம் தடவிப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். தடவினால் தப்பில்லை, ஆனால் அதை நம்பி மற்றதைக் கோட்டை விடாதீர்கள். நர்சரிகளில் பயன்படுத்தும் வேரூக்கிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம். வேர்விடக் கஷ்டப்படும் செடிகளுக்கு அது உதவும். செம்பருத்திக்கு அவசியமே இல்லை.

எப்போது ஊனுவது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதைக் குச்சிக்கும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்கள். குற்றாலம், தென்காசி, கடையம் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும், காற்றில் ஈரம் இருக்கும், குச்சி நன்றாகப் பிடிக்கும். அதே ஆடியில் பாளையங்கோட்டையில் என்ன நடக்கிறது? மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்று மட்டும் இறங்கி வருகிறது. கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று அது. வேர் இல்லாத குச்சியை அந்தக் காற்று வெயிலைவிட வேகமாக உலர்த்தும், ஆட்டி ஆட்டிப் புதிதாக வரும் வேரையும் அறுக்கும். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் ஒரே மாதம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. ஆகவே கிழக்கே இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகைவரை பொறுத்திருங்கள். கட்டாயம் ஆடியில்தான் ஊன வேண்டும் என்றால் சுவர் மறைவில் வைத்து, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு மேலே கவிழ்த்து மூடுங்கள். மூடியைக் கழற்றி வைத்தால் புழுக்கம் தேங்காது.

முருங்கைக்கு இந்தக் கணக்கு எல்லாம் பொருந்தாது. அது போத்தாக, கைமணிக்கட்டுக் கனத்தில், மூன்றடிக்குக் குறையாமல் வேண்டும். வெட்டின உடனே ஊனாமல் நிழலில் மூன்று நாலு நாள் சாத்தி வைத்து, காயம் உலர்ந்ததும் ஊனி, தலைப்பில் சாணியை அப்பிவிடுவது நம் பெரியவர்கள் வழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது. மென்மையான, நீர் நிறைந்த கம்பு அது, ஈரக்காயத்தோடு மண்ணில் போனால் அழுகும். மேல்வெட்டு வழியாக உலராமல் சாணி மூடிக் காக்கும்.

விதைக்கு வருவோம். எங்கள் நர்சரியில் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்து ஒரு வாளிக் கறிவேப்பிலைப் பழம் கொண்டுவந்தேன். நன்றாகக் காயவைத்து, டப்பாவில் அடைத்து, இரண்டு மாதம் கழித்து நானூறு பாக்கெட்டில் ஊன்றினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. நெல்லையும் மிளகாயையும் காயவைத்துச் சேமித்த பழக்கத்தில் செய்தது அது. கறிவேப்பிலை, வேம்பு, பலா விதைகள் வேறு ஜாதி. காயக் காய உள்ளிருக்கும் உயிர் போய்விடும். கறிவேப்பிலை மூன்று வாரம் தாங்கினாலே பெரிய விஷயம். பழம் கருத்ததும் பறித்து, சதையைப் பிசைந்து கழுவி, அன்றைக்கோ மறுநாளோ ஊன்றிவிட வேண்டும். கறிவேப்பிலைக் குச்சியை ஊனி ஊனித் தோற்றவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். அது குச்சியில் லேசில் வராது. விதை கிடைக்காவிட்டால் தாய்மரத்தின் வேரில் இருந்து கிளம்பும் கன்றை மண்ணோடு பெயர்த்து எடுங்கள்.

பப்பாளியிலும் தக்காளியிலும் விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு உறை இருக்கும். பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் அதுதான் தடுத்து வைக்கிறது. சாம்பலில் தேய்த்தோ துணியில் கசக்கியோ அதை எடுத்துவிட்டு நிழலில் உலர்த்துங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டுப் பப்பாளியின் விதையைப் போட்டு, அதே பழம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாட்டு எலுமிச்சை மட்டும் இதில் விதிவிலக்கு. புளியங்குடிப் பக்கம் விதைக்கன்றையே நம்பித் தோப்பு வைக்கிறார்கள், அது சரியும்தான். ஒரே விதையில் இரண்டு மூன்று முளை கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவில் இருந்தே உருவானவை, அதனால் தாய் மாதிரியே காய்க்கும்.

கனகாம்பரத்தில் ஒரு வேடிக்கையான அழகு உண்டு. காய்ந்த கதிரில் மழைத்துளி பட்டால் நெற்று படீரென்று வெடித்து விதை நாலடி தள்ளிப் போய் விழும். விதை சேர்க்க நினைத்தால் காய்ந்த கதிரை ஒடித்துத் தட்டில் போட்டு, தண்ணீர் தெளித்து, சட்டென்று ஒரு துணியால் மூடிவிடுங்கள். பொரி பொரிகிற சத்தம் கேட்கும். ஆனால் டெல்லிக் கனகாம்பரத்தில் காத்திருக்காதீர்கள், அது விதையே கட்டாத வகை, குச்சியில்தான் பெருக்க முடியும். தெரியாமல் வருஷம் முழுக்கக் கதிரைக் காயவிட்டுக் காத்திருந்த ஒரு ஆச்சியை எனக்குத் தெரியும்.

பாக்கெட் விதை முளைக்காவிட்டாலும் கைமேல் பழி போடாதீர்கள். மிளகாய் விதைக்கு விதைச் சான்றிதழ்த் தரத்தில் கேட்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறனே நூற்றுக்கு 60தான். கத்தரி, தக்காளிக்கு 70. பத்து மிளகாய் விதையில் ஆறு முளைத்தால் அது நல்ல விதை, நீங்களும் நன்றாகத்தான் விதைத்திருக்கிறீர்கள். பாக்கெட்டின் பின்பக்கம் செல்லுபடித் தேதியைப் பாருங்கள், கடை வாசலில் வெயிலில் தொங்கியதை வாங்காதீர்கள். ரோஸ் அல்லது நீல நிறத்தில் சாயம் ஏறின விதை பூஞ்சாணக்கொல்லி கலந்தது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நெல்மணியைக் கடித்துப் பார்க்கிற பழக்கத்தில் அதை வாயில் போட்டுவிடாதீர்கள்.

முளைத்தபின் சாவது தண்ணீரால். நாற்றின் கழுத்து, மண்ணை ஒட்டின இடத்தில் நூலாகச் சுருங்கி, பொத்தென்று சாய்ந்தால் அது நாற்றழுகல். காய்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அதில் மிச்சமும் போகிறது. நெருக்கமாக விதைக்காமல், பூவாளியால் காலையில் மட்டும் தெளித்து, மேல்மண் லேசாக உலர விடுங்கள். விதைப்பதற்கு முன்னால் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியை, கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் கலந்தால் நல்லது. வீட்டில் பத்து விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

கடைசியாக, அக்கம்பக்கத்தில் குச்சி வாங்கும்போது இலையைப் புரட்டிப் பாருங்கள். 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, செம்பருத்தி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றுவிடாமல் ஏறி நாசம் பண்ணினது. 2010இல் வெளிநாட்டில் இருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. இந்த மாதிரிப் பூச்சி நாம் ஆசையாகக் கொடுக்கும் குச்சியிலும் ஏறிப் போகும். அரளி வெட்டினால் பால் பட்ட கையைக் கழுவுங்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடக் காரையாறு போகிறவர்கள் அங்கிருந்து செடியைப் பிடுங்கி வர வேண்டாம். அது புலிகள் காப்பகம், சட்டப்படி குற்றம். மலைக் குளிர்ச்சிக்குப் பழகின செடி நம் மொட்டை மாடியில் ஒரு சித்திரையைத் தாண்டாது.

அந்த அக்காவுக்கு அன்றைக்கு எங்கள் செம்பருத்தியில் இருந்தே மூன்று குச்சி வெட்டிக் கொடுத்தேன். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டம்ளரில் அடியில் ஓட்டை போட்டு ஊன்றச் சொன்னேன். வேருக்கு வெளிச்சம் ஆகாது, அதனால் சுற்றிலும் செய்தித்தாளைச் சுருட்டிவிட்டு, பிடுங்கிப் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் தாளை மட்டும் விலக்கிப் பார்க்கச் சொன்னேன். கார்த்திகைக் கடைசியில் போனில் ஒரு படம் வந்தது. டம்ளரின் ஓரத்தில் வெள்ளை நூல் மாதிரி நாலைந்து கோடுகள். கீழே எழுதியிருந்தார்: "வெயில்ல வைக்கட்டுமா அண்ணாச்சி?"

"இன்னும் பத்து நாள் நிழல்லயே இருக்கட்டும் அக்கா" என்று பதில் போட்டேன்.