காலையில் இரைச்சல் நின்றுவிட்டால் காது தப்பித்துவிட்டது என்று அர்த்தமில்லை

மறுபடியும் ஒரு டிரம்மர், என்னிடம் காது பரிசோதனைக்கு. வயது முப்பதைத் தொடவில்லை. ஒரே வேனில் ஆட்களையும் கருவிகளையும் ஏற்றிக்கொண்டு இரவுக்கு ஓர் ஊர் என்று சுற்றும் சின்ன இசைக்குழு. இடது காதில் மாதக்கணக்காக ஓயாத 'கீ' சத்தம். ஆடியோகிராம் (எந்தச் சுரம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுத்தால் 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளத்தில் இறங்கி, 8000-க்குப் போகும்போது மறுபடி ஏறுகிறது. சத்தத்தால் கெட்ட காதின் வழக்கமான அடையாளம் இது. ஹை-ஹாட், அதாவது காலால் இயக்கும் இரட்டை உலோகத் தட்டு, எந்தப் பக்கம் என்று நான் கேட்கவே தேவைப்படவில்லை.

ஏன் இவ்வளவு தாமதம் என்றதற்கு வந்த பதில்: "முன்னாடியெல்லாம் காலையில நின்னுடும் மேடம். காது பழகிடுச்சுன்னு நினைச்சேன்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். கிதார் வாசிப்பவர் சொல்கிறார், பாடுபவர் சொல்கிறார், குழுவோடு போய் டி-ஷர்ட் விற்கிற பெண்ணும் சொல்கிறார். எல்லோருக்கும் சேர்த்து ஒருமுறை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

காது பழகாது. தோல் காய்ப்புக் காய்க்கும், விரல் நுனி கம்பிக்குப் பழகும். உட்செவிக்கு அந்த வித்தை தெரியாது. நிகழ்ச்சி முடிந்ததும் காது அடைத்தாற்போல் இருப்பதும் உள்ளே இரைவதும், ஒலியை நரம்புக்குக் கடத்தும் உட்செவியின் முடி செல்கள் சோர்ந்து போனதன் அறிகுறி. சில மணி நேரத்தில், சிலருக்கு ஓரிரு நாளில், அது தெளியும். தெளிந்ததும் "ஒன்றும் ஆகவில்லை" என்று நினைக்கிறீர்கள். அடுத்த இரவும் அதே கதை. ஒவ்வொரு முறையும் முழுதாகத் தெளிகிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போவது, இழப்பாகத் தெரியவே தெரியாது. முதல் டூரில் காதைக் கூசவைத்த சிம்பல் மூன்றாவது டூரில் கூசவில்லையென்றால், அந்தச் சத்தத்தைக் கேட்கும் செல்கள் குறைந்துவிட்டன என்றே நான் சந்தேகப்படுவேன். செத்த முடி செல் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளுக்கு 100 டெசிபல் சத்தத்தை இரண்டு மணி நேரம் கேட்க வைத்தார்கள். எலிகளின் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் முடி செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில், சில இடங்களில், பாதி வரை அழிந்திருந்தன. மனிதக் காதில் இது எவ்வளவு நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் ஓடுகிறது. ஆனால் ஆடியோகிராம் சுத்தமாக இருந்தும் "கூட்டத்துல யார் பேசினாலும் புரியல" என்று சொல்லும் இசைக்கலைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த எலிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஒரு நாளில் எவ்வளவு சத்தத்தை எவ்வளவு நேரம் கேட்கலாம் என்ற கணக்கு இதுதான். 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று. 100-க்கு வெறும் 15 நிமிடம். கூரை தாழ்ந்த சின்ன அறையில் ஒரு டிரம் செட் 100-ஐச் சாதாரணமாகத் தாண்டும். உங்கள் வாசிப்பு முக்கால் மணி நேரம் மட்டுமே என்கிறீர்கள். சவுண்ட் செக்கை எண்ணினீர்களா? உங்களுக்கு முன்னும் பின்னும் வாசிக்கும் குழுக்களை ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டீர்களே, அதை? டி-ஷர்ட் மேசையை வழக்கமாக எங்கே போடுகிறார்கள் என்று கவனியுங்கள். பல இடங்களில் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே. அங்கே நிற்பவருக்கு மாலை முழுக்க ஓய்வில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

பிறகு வேன். இதை யாரும் யோசிப்பதே இல்லை. ஜன்னல் திறந்தபடி நெடுஞ்சாலையில் மணிக்கணக்கான பயணம், எஞ்சின் இரைச்சல், பின்னால் உருளும் கேஸ்கள். அந்த இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க ஹெட்போனில் சத்தத்தை ஏற்றுகிறீர்கள்; அப்படியே தூங்கியும் போகிறீர்கள். முந்தின இரவின் அடியிலிருந்து மீள காதுக்குக் கிடைத்த ஒரே நேரம் அது. தயவுசெய்து அதை விட்டுவையுங்கள். ஜன்னலை ஏற்றுங்கள், ஹெட்போனைக் கழற்றுங்கள், முடிந்தால் பஞ்சுபோன்ற ஃபோம் அடைப்பானைச் செருகிக்கொண்டு தூங்குங்கள். வண்டி ஓட்டுபவர் மட்டும் செருக வேண்டாம்.

பெரிய குழுக்களுக்கு மானிட்டருக்கென்றே, அதாவது வாசிப்பவர்கள் தங்களைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கருக்கென்றே, ஓர் ஆள் உண்டு. உங்களுக்குத் தினம் ஒரு புது அறை, புது ஆள், அவசரச் சவுண்ட் செக். அதில் எல்லோரும் "என்னோடத கொஞ்சம் ஏத்துங்க" என்கிறீர்கள். யாராவது இறக்கச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. கிதார் ஆம்ப் தரையில் இருக்கிறது. சத்தம் வாசிப்பவரின் முழங்காலுக்குப் போகிறது. அவருக்குக் கேட்கவில்லை, ஏற்றுகிறார். டிரம்மர் ஓங்கி அடிக்கிறார். பாடகர் மானிட்டரைக் கூட்டச் சொல்கிறார். ஆம்பை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்து முகத்தைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். அவரே குறைப்பார்.

அடைப்பான் விஷயத்துக்கு வருகிறேன். பஞ்சு வேண்டாம், டிஷ்யூ பேப்பர் வேண்டாம், அவை பேருக்குத்தான். ஃபோம் நன்றாகக் காக்கும், ஆனால் உச்ச சுரங்களை அதிகம் விழுங்குவதால் "தண்ணிக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று கழற்றி எறிகிறீர்கள். உங்கள் புகார் நியாயம்தான். அதற்காகவே எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் ஃபில்டர் வைத்த இசைக்கலைஞர் அடைப்பான்கள் 1988-லிருந்தே கிடைக்கின்றன. 15 டெசிபல் குறைந்தால் 100 என்பது 85 ஆகும். கால் மணி நேரம் எட்டு மணி நேரம் ஆகும். காதில் அச்சு எடுப்பது சில நிமிட வேலை. ஆனால் முதன்முதலாக மேடையில் போட்டுப் பார்க்காதீர்கள். டூருக்குச் சில வாரம் முன்பே ஒத்திகையில் பழகுங்கள். பாடுபவர்களுக்குத் தன் குரலே மண்டைக்குள் முழங்கும். அச்சு ஆழமாக உட்கார்ந்தால் அது குறையும். அச்சு எடுப்பவரிடம் பாடுபவர் என்று சொல்லிவிடுங்கள்.

இன்-இயர் மானிட்டர், அதாவது காதுக்குள் செருகும் மானிட்டர், போடுபவர்கள் ஒரு காதைக் கழற்றிவிட்டு வாசிக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். திறந்த காது மேடைச் சத்தத்தை முழுதாக வாங்குகிறது. மூடிய காதில் ஈடுகட்ட நீங்களே சத்தத்தைக் கூட்டுகிறீர்கள். இரண்டும் கெடும்.

2016-இல் ஏசி/டிசி ராக் குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன் சுற்றுப்பயணத்தின் நடுவே நிறுத்தினார்; தொடர்ந்தால் செவித்திறன் முழுதாகப் போகலாம் என்று மருத்துவர்கள் எச்சரித்திருந்தார்கள். அவருக்குப் பதிலாக வேறொருவர் வந்து பாடி, பயணம் தொடர்ந்தது. உங்கள் குழுவில் ஒருவர் நின்றுபோனால் யார் வருவார்கள்?

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். ஒரு நாள் காலை விழிக்கும்போது ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துப்போயிருந்தால் அழுக்கு என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பாதீர்கள். வாயை மூடி 'ம்' என்று இழுத்துப் பாருங்கள். சத்தம் நல்ல காதின் பக்கம் போனால் அடைப்பு அழுக்காலோ சளியாலோ இல்லை, உட்செவியில் கோளாறு என்ற சந்தேகம் வலுக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அன்றே ஆடியோகிராம் வசதியுள்ள காது மருத்துவரைப் பாருங்கள். உட்செவிக் கோளாறு என்றால் ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே தொடங்க வேண்டும்; இரண்டு வாரம் கடந்தால் பலன் வெகுவாகக் குறையும். டூர் முடியட்டும் என்று காத்திருந்து வருபவர்களுக்கு என்னால் பெரும்பாலும் காது கேட்கும் கருவியைத்தான் பரிந்துரைக்க முடிகிறது. அன்றைய நிகழ்ச்சியை ரத்து செய்ய வேண்டியிருந்தாலும் செய்யுங்கள்.