யாயா பறித்த கீரை

மெல்பர்னில் முதியோர் நினைவாற்றல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சென்ற கோடையில் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து குறிப்பு ஒன்று வந்தது: "வயது 88. கிரேக்கப் பெண்மணி. மறதி கூடிவருகிறது. ஆங்கிலம் பேச மறுக்கிறார். தோட்டத்தில் புல்லைப் பிடுங்கித் தின்கிறார்." அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அந்த யாயாவை நேரில் போய்ப் பார்த்தேன். கிரேக்க மொழியில் யாயா என்றால் பாட்டி. கறுப்பு உடை, வெள்ளைக் கொண்டை. வேலியோரம் குனிந்து நின்றவர் கையில் இருந்தது புல் இல்லை. எங்கள் ஊரில் குப்பைக்கீரை என்போமே, அதுதான். நுனியை மட்டும் கிள்ளி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். நடுவே ஒரு இலையை வாயில் போட்டு மென்று பார்த்தார், முற்றலா இளசா என்று. கிரேக்கர்கள் இந்தக் கீரையை 'வ்லீத்தா' என்கிறார்கள். வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் விட்டுச் சாப்பிடுவார்கள். இப்படித் தானாக முளைக்கும் கீரைகளுக்கெல்லாம் பொதுப்பெயர் 'ஹோர்த்தா'. புல்லுக்கும் அதே சொல்தான். குறிப்பில் 'புல்' எப்படி வந்திருக்கும் என்று அப்போது புரிந்தது.

இந்தத் தலைமுறைப் பாட்டிகளைக் கவனித்துக்கொள்பவர்கள் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்று 88 வயது என்றால், 1941–42 குளிர்காலத்தில் அவர்கள் சின்னஞ்சிறு குழந்தைகள். ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் கிரீஸைப் பிடித்து தானியத்தை அள்ளிக்கொண்டு போன காலம் அது. கடல் முற்றுகையால் வெளியிலிருந்தும் உணவு வரவில்லை. ஆக்கிரமிப்பு முடிவதற்குள் பசியால் செத்தவர்கள் லட்சக்கணக்கானோர். மலையில் கீரை பறிக்கத் தெரிந்த அம்மா இருந்த வீட்டில் பிள்ளைகள் பிழைக்க ஒரு வழி இருந்தது. அதன் பிறகு 1949 வரை உள்நாட்டுப் போர். இந்த யாயா பள்ளிக்கூடம் போனது மொத்தம் இரண்டு வருடம்.

1952இல் ஆஸ்திரேலியாவும் கிரீஸும் குடியேற்ற ஒப்பந்தம் போட்டன. 1957இல் 'பெகோனா' என்ற கப்பல் நூற்றுக்கணக்கான மணப்பெண்களை ஏற்றிக்கொண்டு மெல்பர்ன் வந்தது. பலரும் மாப்பிள்ளையைப் போட்டோவில் மட்டுமே பார்த்தவர்கள். நான்கு பெண்கள் இருக்கும் ஏழை வீட்டில் 'ப்ரீக்கா', அதாவது வரதட்சணை, பெரும் சுமை. ஆஸ்திரேலிய மாப்பிள்ளை பெரும்பாலும் அதைக் கேட்கமாட்டார். கிரீஸில் சட்டப்படி வரதட்சணை ஒழிந்ததே 1983இல்தான். இவரும் அப்படி வந்தவரே. ஸ்டேஷன் பியர் துறையில் இறங்கி, கையிலிருந்த போட்டோவோடு எதிரே நிற்கும் ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாராம்.

இதில் ஒரு வரிகூட அவருடைய கோப்பில் இல்லை.

முன்பு செய்த நினைவாற்றல் சோதனையில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள், ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருடம் படித்தவர் அதில் மதிப்பெண் இழந்தால் அதை மறதிக் கணக்கில் சேர்க்கலாமா? மொழிபெயர்த்தது மகள். அம்மா தடுமாறிய இடத்திலெல்லாம் பாசத்தில் அவரே பதில் சொல்லியிருக்கிறார். நான் 'ரூடாஸ்' என்ற சோதனையை எடுத்தேன். பல மொழி, பல கல்வி நிலை கொண்டவர்களுக்காகச் சிட்னியில் உருவானது அது. கிரேக்க மொழிபெயர்ப்பாளரை வரவழைத்துச் செய்தேன். 30க்கு 21 வந்தது. 22 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். மறதி இருக்கிறது, ஆனால் குறிப்பு சொன்ன அளவுக்கு இல்லை. ஆங்கிலம் பேச அவர் மறுக்கவும் இல்லை. மறதி நோயில் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவது அடிக்கடி நடப்பது. தையல் ஆலையில் காதால் கேட்டுப் பழகிய ஆங்கிலம் அவரிடமிருந்து போய்க்கொண்டிருந்தது.

"அம்மா எதுக்குமே அழுததில்லை, இரும்பு மனுஷி" என்றார் மகள். குடும்பங்கள் பெருமையாகச் சொல்லும் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கவலைதான் வரும். மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பெண் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்தேன். அப்போதுதான் பழைய கதையைச் சொன்னார். கணவருக்கு ராத்திரி ஷிஃப்ட், இவருக்குப் பகல் ஷிஃப்ட். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு வயது மகனைக் கிராமத்தில் தன் அம்மாவிடம் அனுப்பினார். அன்றைக்குப் பல குடும்பங்கள் செய்ததுதான். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்த பையன் இவரை 'தீயா' என்று கூப்பிட்டான். அத்தை என்று அர்த்தம். பல மாதம் இவர் கையால் சாப்பிடவே இல்லை. இதைச் சொல்லும்போது அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போது அந்த இல்லத்தில் ஊழியர்கள் ஊட்டப்போனால் இவர் தட்டைத் தள்ளிவிடுகிறார். பராமரிப்புத் திட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ஊட்ட வேண்டாம், ரொட்டியைக் கையில் கொடுங்கள், கூடவே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். தட்டைத் தள்ளுவது குறைந்திருக்கிறது.

தோட்டத்தில் களைக்கொல்லி அடிப்பதால் வேலியோரக் கீரை ஆபத்துதான். அதற்காக அவரை அறைக்குள் பூட்டிவைக்கக் கூடாது. கீரை வளர்க்க இடுப்புயரத் தொட்டி இரண்டு வைக்கச் சொன்னேன், வைத்துவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவில் இந்த வேலையில் இருப்பவர்களும் பெற்றோரோடு மருத்துவரிடம் போகும் பிள்ளைகளும் 131 450 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை, 24 மணி நேரமும் இயங்குகிறது. தமிழுக்கும் உண்டு. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு பேசும் சந்திப்புக்கு அரை மணி நேரம் போதாது, ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

போன வாரம் நான் மட்டும் போயிருந்தேன். யாயா என் முதுகுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார். அந்த மொழிபெயர்க்கும் பெண் வரவில்லையா என்று சைகையிலேயே கேட்டார். வரும் வியாழக்கிழமைக்குப் பதிவு செய்திருக்கிறேன்.