நுரைக்குள் என்ன நடக்கிறது: ராஃப்ட்டிங்கின் இயற்பியல்

வார இறுதியில் நண்பர்களோடு முதல்முறை ராஃப்ட்டில், அதாவது காற்றடைத்த ஆற்றுப் படகில், ஏறுபவரைப் பயமுறுத்துவது எதிரே ஆள் உயரத்துக்கு எழும் அலைதான். வழிகாட்டியோ அந்த அலையை மூக்கு நேராக முட்டி ஏறிவிட்டு, ஓரமாக நுரைத்துக்கொண்டிருக்கும் ஒரு சாதாரணப் பள்ளத்தைக் கண்டதும் படகைத் திருப்பச் சொல்லிக் கத்துவார். அலை படகைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடந்துபோக விடும். பள்ளம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆழம் குறைந்த நீரில் அலை எவ்வளவு வேகமாக நகரும் என்பதை ஆழம்தான் தீர்மானிக்கிறது. அரை மீட்டர் ஆழத்தில் வினாடிக்குச் சுமார் 2.2 மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் 3.1 மீட்டர். மூழ்கிய பாறையின் மேல் ஏறி வழியும் நீர் மெலிந்து வேகமெடுக்கிறது. அரை மீட்டர் ஆழத்தில் அது வினாடிக்கு 4 மீட்டர் ஓடினால், எந்த அலையாலும் அதை எதிர்த்து ஏற முடியாது. இந்த வேகநீர் கீழே ஆழமான, மெதுவான நீரில் போய் மோதும் இடத்தில் மட்டம் சட்டென உயர்கிறது. இதற்கு ஹைட்ராலிக் ஜம்ப், அதாவது நீர்த்தாவல் என்று பெயர். சமையலறைத் தொட்டியில் குழாய்நீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய வட்டமும் அதன் விளிம்பில் ஒரு மேடும் தெரியுமே, அதுவும் இதே வகைதான்.

சரிவு மென்மையாக இருந்தால் நீர்த்தாவல் ஒரே இடத்தில் நிற்கும் அலைகளாக முடிந்துவிடும். கடல் அலையில் வடிவம் நகரும், நீர் பெரும்பாலும் அதே இடத்தில் ஏறி இறங்கும். இங்கே வடிவம் நிற்கிறது, நீர் ஓடுகிறது. ராஃப்ட்டிங்கின் குஷியெல்லாம் இதில்தான். சரிவு செங்குத்தானால் கதை வேறு. விழும் நீர் அடியோடு பாய்ந்து போய்விட, மேற்பரப்பு நீர் அந்த வெற்றிடத்தை நிரப்பப் பின்னோக்கிச் சரிகிறது. ராஃப்ட்டிங் மொழியில் இதுதான் ஹோல். மிதக்கும் எதுவும் மேலடுக்கில்தான் இருக்கும். மேலடுக்கு போவதோ ஆற்றின் எதிர்த்திசையில். வெளியேறும் நீர் அடியில் இருக்கிறது.

நுரை வேறு சதி செய்கிறது. 70 கிலோ எடையுள்ளவரின் உடல் ஏறக்குறைய 70 லிட்டர் இடத்தை அடைக்கும். சாதாரண லைஃப் ஜாக்கெட் 70 நியூட்டன், அதாவது சுமார் 7 கிலோ மிதப்பைச் சேர்க்கும். தெளிந்த நீரில் தலை வெளியே நிற்க இது போதும். நுரையில் 30 சதவீதம் காற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் 700 கிராம்தான் தாங்கும். 77 லிட்டருக்கு 54 கிலோ. 16 கிலோ குறைகிறது, ஆள் மூழ்குகிறார். ஜாக்கெட் பழுதில்லை, நீர்தான் நீராக இல்லை.

ஹோலின் இரு முனைகளும் ஆறு ஓடும் திசையில் வளைந்திருந்தால், மாட்டிய பொருள் ஓரத்துக்கு நழுவி வெளியேறிவிடும். முனைகள் ஆறு வரும் திசையில் வளைந்திருந்தால் நடுவுக்கே இழுத்து வரும். இரண்டையும் விட மோசமானது, கரையிலிருந்து கரைவரை ஒரே சீராகக் கட்டிய சிறு தடுப்பணை. பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் தப்பிக்க ஓரமே இருக்காது. ஒரு மீட்டர் வீழ்ச்சிதானே என்று அதில் படகை விடவே கூடாது.

ஹோலைத் தாண்டியே ஆகவேண்டும் என்றால் குறுக்கே போகாமல், நேராக, வேகத்தோடு போக வேண்டும். மேலே நுரையைத் துழாவினால் துடுப்புக்குப் பிடிமானம் கிடைக்காது. துடுப்பின் தட்டையான அலகை ஆழமாக இறக்கினால் கீழே ஓடும் கெட்டியான நீர் படகை முன்னால் இழுத்துவிடும். படகு குறுக்கே திரும்பிவிட்டால், வந்து விழும் நீர், ஆறு வரும் பக்கத்திலுள்ள படகின் காற்றுக் குழாயை அமுக்கும். அப்போது வரும் கட்டளை ‘ஹை சைடு’. எல்லோரும் உடனே கீழ்நீர்ப் பக்க, அதாவது ஆறு போகும் பக்கக் குழாய்மேல் பாய்ந்து விழ வேண்டும். யோசிக்க இரண்டு வினாடிகூட இருக்காது.

நீரளவு மாறினால் இதெல்லாம் இடம் மாறும். வினாடிக்கு 2,000 கனஅடியில் ஹோலாக இருப்பது 5,000 கனஅடியில் மூழ்கி வெறும் அலையாகலாம், எதிர்மாறாகவும் ஆகலாம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் உள்ள கிரிஸ்டல் ரேப்பிட் என்ற வேகநீர்ப் பகுதி இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 1966 டிசம்பரில் பக்க ஓடையொன்றில் வந்த சேற்றுப் பாறை வெள்ளம் கொலராடோ ஆற்றை அங்கே நெரித்தது. 1983 கோடையில் கிளென் கேன்யன் அணையிலிருந்து வழக்கத்தைவிட மிக அதிகமாக நீர் திறக்க நேர்ந்தபோது, அந்த நெருக்கலில் மோட்டார் பொருத்திய பெரிய ராஃப்ட்டுகளே கவிழ்ந்தன. படகுகளைப் புரட்டிய அந்த அலை ஒரு நீர்த்தாவல் என்று புவியியலாளர் சூசன் கீஃபர் கணக்கிட்டுக் காட்டினார்.

இனி படகு. குழாய்களில் காற்றழுத்தம் பொதுவாக 2.5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 2.5 பவுண்டு) அளவில்தான் இருக்கும், கார் டயரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் வெப்பம் மாறினால் உடனே தெரியும். வெயிலில் 40 டிகிரிக்குச் சூடான காற்றை 2.5 பிஎஸ்ஐக்கு அடைத்து, படகை 12 டிகிரி நீரில் இறக்கினால், அளவி 1 பிஎஸ்ஐ அருகே காட்டும். படகு துவண்டு நடுவில் மடியும், ஹோலில் அதன் வேகமெல்லாம் அந்த மடிப்பிலேயே செத்துவிடும். ஆகவே தண்ணீரில் கிடத்திக் குளிர்ந்தபின் மறுபடி அடிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கரையேற்றினால் இதுவே தலைகீழாகும்: நீரில் 2.5 இருந்தது வெயிலில் 4 பிஎஸ்ஐயைத் தாண்டும், குழாய்க்குள் அறைகளைப் பிரிக்கும் தடுப்பு கிழியலாம். நிழலில் வையுங்கள், அல்லது கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள்.

படகு பாறையில் குறுக்காக ஒட்டிக்கொள்வது இன்னொரு வகை வினை. வினாடிக்கு 3 மீட்டர் ஓடும் நீருக்கு 4 சதுர மீட்டர் தளத்தைக் காட்டினால், ஏறக்குறைய 2 டன் விசை அழுத்தும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. இங்கேயும் ஹை சைடுதான். பாறையைக் கண்டு ஒதுங்கிச் சாய்வது இயல்பு, செய்ய வேண்டியதோ பாறையை நோக்கிச் சாய்வது.

விழுந்துவிட்டால் மல்லாந்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்கப் பார்த்தால் பாதம் பாறை இடுக்கில் சிக்கும். பின்னாலிருந்து நீர் முதுகைத் தள்ள, ஆள் முகம் குப்புற மடங்குவார். இடுப்பளவு நீரிலும் இது உயிரை எடுக்கும். முழங்காலுக்குக் கீழே ஆழம் குறைந்தபிறகே நிற்கலாம். மரக்கிளைகள் ஆற்றை அடைத்துக் கிடந்தால் மட்டும் இந்த விதி தலைகீழ்: குப்புறத் திரும்பி, தலை முன்னால் நீந்திப் போய் கிளைமேல் ஏறிவிட வேண்டும். கிளைகளினூடே தண்ணீர் போகும், உடம்பு போகாது.

கரையிலிருந்து மீட்புக் கயிறு வந்தால் கையில் சுற்றாமல் மார்பருகே பிடித்து, மல்லாந்து, கயிறு வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத் தோள்மேல் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு சாய்ந்து நிற்க, ஆறே உங்களைக் கரைக்கு ஒதுக்கிவிடும். கையில் சுற்றியிருந்தால், கயிறு எங்காவது மாட்டும்போது விட முடியாது.