மழைக்கு முன்பே வரைந்துவிட வேண்டிய வரைபடம்

கைபேசி வரைபடத்தில் தெரு இருக்கிறது, ஏடிஎம் இருக்கிறது, பிரியாணிக் கடை இருக்கிறது. அந்தத் தெருவில் பெய்த மழை எந்த வடிகாலில் இறங்கி, எந்தச் சிறுபாலத்துக்கு அடியில் புகுந்து, எந்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேர்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. வண்டிக்கு வழிகாட்டும் நிறுவனத்துக்கு அந்தத் தகவல் தேவையில்லை. செயற்கைக்கோள் படத்திலும் அது தெரியாது. சிலாப் போட்டு மூடிய வடிகால் வானிலிருந்து பார்த்தால் வெறும் நடைபாதைதான். அங்கே குடியிருப்பவர்கள்தான் அதை வரைந்தாக வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, தண்ணீர் நிற்கும் தெருக்களைச் சென்னைவாசிகளே தொட்டுக் குறிக்கும் இணைய வரைபடம் ஒன்று, யார் வேண்டுமானாலும் வரைந்து திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் மீது அவசரமாக எழுப்பப்பட்டது. தெருக்களைத் தன்னார்வலர்கள் அதற்கு முன்பே வரைந்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று அந்த வரைபடம் சொன்னது. ஏன் நிற்கிறது என்று சொல்ல வேண்டுமானால் தெருக்கோடுகளோடு வடிகால் கோடுகளும் இருக்க வேண்டும். அதே 2015-ல் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் தொடங்கிய ‘ரமானி ஹூரியா’ திட்டம் இந்த வேலையைத்தான் கையில் எடுத்தது. ஆர்தி பல்கலைக்கழக மாணவர்களும் தார் எஸ் சலாம் பல்கலைக்கழக மாணவர்களும் குடியிருப்புவாசிகளோடு சேர்ந்து, வெள்ளம் புகும் பகுதிகளில் நடந்து வடிகால்களையும் கட்டடங்களையும் பதிந்தார்கள். ட்ரோன் படங்கள் உதவிக்கு இருந்தன. ஆனாலும் வடிகாலின் அகலமும் ஆழமும் கால்நடையாகப் போய் எடுக்க வேண்டிய அளவுகள்தான்.

நம் ஊரில் இதைத் தொடங்க நல்ல காலம் ஆகஸ்ட், செப்டம்பர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு வடிகால் பெரும்பாலும் காய்ந்திருக்கும், அடி தெரியும். முதல் வேலையைக் காகிதத்தில் செய்யுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து உங்கள் பகுதியை 1:1000 அளவில் ஏ1 தாளில் அச்சிட்டால், ஒரு சென்டிமீட்டர் பத்து மீட்டராகும். சுமார் 840 மீட்டருக்கு 590 மீட்டர் நிலம் ஒரே தாளில் அடங்கும். அதைத் தரையில் விரித்து, அந்த இடத்தில் நீண்டகாலமாக இருப்பவர்களையும் தூய்மைப் பணியாளர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்த மூடிக்கு அடியில் அடைப்பு வரும், எந்த வாய்க்கால் இப்போது யார் காம்பவுண்டுக்குள் போய்விட்டது என்பதைத் தூய்மைப் பணியாளர்களைப் போல அறிந்தவர்கள் கிடையாது. அவர்களைக் கூப்பிடாமல் கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்து எடுக்கும் வரைபடம் அழகாக இருக்கும், பாதி தவறாக இருக்கும். நீர்மட்டத்தைக் கேட்கும்போது அடிக்கணக்கில் கேட்காதீர்கள். கணுக்காலா, முழங்காலா, இடுப்பா என்று கேளுங்கள்; அதைத்தான் மக்கள் சரியாக நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பிறகு களத்துக்குப் போகலாம். மூன்று பேர் கொண்ட குழு போதும். 5 மீட்டர் டேப் ஒன்று, சென்டிமீட்டர் குறித்த மூங்கில் கழி ஒன்று, கைபேசி ஒன்று. வடிகால் தொடங்கும் இடம், வளையும் இடம், அகலம் மாறும் இடம், இன்னொரு வடிகால் வந்து சேரும் இடம், சாலையைக் கடக்கும் சிறுபாலம் ஆகிய இடங்களில் நின்று பதிய வேண்டும். ஒவ்வொன்றிலும் உள் அகலம், மேல்விளிம்பிலிருந்து அடிவரை ஆழம், அதில் வண்டல் எவ்வளவு, கான்கிரீட்டா கல்கட்டா மண்ணா, மூடியா திறந்ததா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டலைத் தனியாக எழுதுவது முக்கியம். 90 சென்டிமீட்டர் ஆழ வடிகாலில் 50 சென்டிமீட்டர் வண்டல் என்றால், பெரிய வடிகால் கட்டாமல் தூர்வாரினாலே போதுமாக இருக்கலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும். எந்தக் காரணத்துக்காகவும் சிலாப்பைத் தூக்கவோ, மூடிய வடிகாலுக்குள் தலையை நுழைக்கவோ கூடாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். திறந்திருக்கும் தொட்டி (மழைநீர் வடிகாலுக்குள் இறங்கும் குழி) வழியாகக் கழியை மட்டும் இறக்குங்கள்.

கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும். மாடி வீடுகள் நெருங்கிய தெருவிலும் மரத்தடியிலும் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை இன்னும் கூடும். வடிகாலோ ஒரு மீட்டர் அகலம். ஆகவே அது தெருவின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஜிபிஎஸ் சொல்லாது. நீங்கள்தான் எழுத வேண்டும். இடது, வலது என்று எழுதினால் நடந்த திசை மறந்தவுடன் குறிப்பு பாழ். கிழக்கு, மேற்கு என்றே எழுதுங்கள்.

உயரத்தில் கைபேசியை அறவே நம்ப வேண்டாம். ஜிபிஎஸ் உயரத்தைக் கணக்கிடுவது கடல்மட்டத்திலிருந்து அன்று, பூமிக்கு ஈடாக வைத்த ஒரு கணித நீள்வட்டத்திலிருந்து. தென்னிந்தியாவில் உண்மையான கடல்மட்டம் அந்த நீள்வட்டத்துக்கு வெகு கீழே இருப்பதால், திருத்தம் செய்யாத செயலிகள் சென்னைக் கடற்கரையின் உயரத்தை மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்து இலவசமாகத் தரப்படும் எஸ்ஆர்டிஎம் போன்ற உயரத் தரவுகளிலும் பிழை பல மீட்டர். ஆயிரத்துக்கு ஒன்று சரிவுள்ள வடிகால் 300 மீட்டரில் இறங்குவது வெறும் 30 சென்டிமீட்டர்.

இதற்கு விலை குறைந்த, நம்பகமான கருவி நம் கொத்தனார்களின் கையிலேயே இருக்கிறது: ட்யூப் லெவல். 15 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் திறந்து வைத்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு இடங்களிலும் வடிகாலின் அடியில் கழியை ஊன்றி, தண்ணீர் மட்டம் கழியில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஓரிடத்தில் 1.20 மீட்டர், அடுத்த இடத்தில் 1.23 மீட்டர் என்றால், இரண்டாவது இடம் 3 சென்டிமீட்டர் தாழ்வு. கழியை வண்டல் மீது ஊன்றக் கூடாது, அதைக் குத்திக் கடந்து தளத்தில் ஊன்ற வேண்டும். குழாயில் ஒரு குமிழி சிக்கினாலும் அளவு தப்பும். ஒரு முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, குமிழி முழுவதும் வெளியேறியதா என்று நீளம் முழுக்கப் பாருங்கள். பாதிக் குழாய் வெயிலிலும் பாதி நிழலிலும் கிடந்தாலும் மட்டம் லேசாக மாறும். (1802-ல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்தபோது, வெயிலில் எஃகுச் சங்கிலி நீள்வதைக் கணக்கில் எடுக்க வெப்பமானி வைத்துக்கொண்டார். நிலம் அளப்பவர்களுக்கு வெயில் அன்றும் இன்றும் தொல்லைதான்.) கடைசிவரை போனபின் வேறு இடங்களில் குழாயை வைத்துத் தொடங்கிய இடத்துக்கே அளந்து திரும்புங்கள். கூட்டிக் கழித்தால் பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். 300 மீட்டர் போய்த் திரும்பி 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், மறுபடி அளக்க வேண்டியதுதான். சில இடங்களில் வடிகாலின் அடி ஓட்டத்துக்கு எதிராக மேடேறும். அந்த ஓரிடத்தைக் கண்டுபிடிப்பதற்கே இந்த உழைப்பு தகும்.

இனி ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும் வேலை. அதில் நீர்வழிக் கோட்டை எந்தத் திசையில் வரைகிறீர்களோ, அதுவே ஓட்டத்தின் திசை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரைய வேண்டும். புதியவர்கள் வசதியான பக்கத்திலிருந்து வரைந்துவிடுவதால் அம்பு தலைகீழாகி, பகுப்பாய்வு செய்யும் மென்பொருள் ஏரியிலிருந்து தெருவுக்குத் தண்ணீர் வருவதாக முடிவு கட்டும். இரண்டு வடிகால்கள் சேருமிடத்தில் கோடுகள் ஒரே புள்ளியைப் பகிர வேண்டும். திரையில் தொட்டுக்கொண்டதுபோல் தெரிந்தாலும் புள்ளி தனித்தனியானால் வலைப்பின்னல் அங்கே அறுந்துவிடும். சாலைக்கு அடியில் போகும் இடத்தில் நேர்மாறு. அங்கே சாலைக்கோட்டையும் வடிகால்கோட்டையும் ஒரே புள்ளியில் இணைத்தால், தண்ணீர் சாலைமேல் ஓடுகிறது என்று பொருளாகும். வடிகால்கோட்டை இரு பக்கமும் வெட்டி, நடுத்துண்டை ‘கல்வெர்ட்’ என்று குறித்து, அடுக்கு எண்ணை மைனஸ் 1 ஆக்குங்கள்.

ஏரிகளை வரைவதில் நடக்கும் தவறு இன்னும் கனமானது. மே மாதப் படத்தைப் பார்த்து, நடுவில் இருக்கும் குட்டையை மட்டும் ஏரி என்று வரைந்துவிடுகிறார்கள். கரையையும், கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் இடம்) மட்டத்தில் நீர் நிற்கும் எல்லையையும் பின்பற்றி வரைந்து, ஆண்டில் சில மாதம் வறளும் என்று குறிக்க வேண்டும். மதகு, கலங்கல், வரத்து வாய்க்கால், உபரிநீர் போகும் கால்வாய் நான்கும் இருந்தால்தான் அது ஏரி வரைபடம். நிரம்பிய நிலையைச் சரிபார்க்க, ஐந்து நாளுக்கொருமுறை வரும் ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2-ன் படங்கள் இலவசம். 10 மீட்டர் தெளிவு ஏரிக்குப் போதும். மழைக்கால மேகத்தை ஊடுருவ சென்டினல்-1 ரேடார் உதவும். ஆனால் கட்டடங்கள் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பிவிடுவதால், நகரத் தெருவில் நிற்கும் தண்ணீர் அதில் சரியாகத் தெரியாது.

கூகுள் வரைபடத்தைப் பார்த்து ஒரு பெயரைக்கூட எடுத்து எழுதக் கூடாது. உரிமம் அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் உங்கள் பதிவுகள் கூண்டோடு நீக்கப்படும், கூடச் சேர்ந்து உழைத்தவர்களின் உழைப்பும் போகும். அரசின் நில அளவைப் புலப்படங்களையும் உரிமை உறுதியாகத் தெரியாமல் நகலெடுக்க வேண்டாம். இந்த வரைபடம் நில எல்லை வழக்குக்கு ஆதாரமும் ஆகாது. அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அளவெடுப்பு பாதியில் சண்டையில் நிற்கும். 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி வாங்க வேண்டிய நிலையைப் பெருமளவு நீக்கிவிட்டன. டேப்பும் கைபேசியும் கொண்டு தெரு வடிகாலைப் பதியத் தயங்க வேண்டியதில்லை. ட்ரோன் பறக்கவிடுவதற்குத் தனி விதிகள் உண்டு.

இன்று தண்ணீர் நிற்கிறது என்ற செய்தியை அடிப்படை வரைபடத்தில் எழுதாமல், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல் சொந்தக் குறிப்புகளைப் போட உதவும் யூமேப் போன்ற தளத்தில், தனி அடுக்கில் போடுங்கள். நாளை வடிந்ததும் எடுத்துவிடலாம். படுக்கையில் இருக்கும் முதியவர், கர்ப்பிணி, டயாலிசிஸ் நோயாளி வீடுகளின் பட்டியல் மீட்புக்கு அவசியம். ஆனால் அது பொது வரைபடத்தில் ஒருபோதும் வரக் கூடாது. பொறுப்பான இருவரிடம் காகிதத்தில் இருக்கட்டும்.

வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் களக் குறிப்போடும் படத்தோடும் ஒப்பிட வேண்டும். அக்டோபரின் முதல் நல்ல மழையில் குடை பிடித்து ஒரு சுற்றுப் போய், தண்ணீர் உண்மையில் அம்பு காட்டும் பக்கம்தான் ஓடுகிறதா என்று பாருங்கள். மாறாக ஓடும் இடங்களைத் தொகுத்து, புகைப்படம், ஐந்து தசம இலக்க ஆயத்தொலைவு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்), வண்டல் ஆழம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி வார்டு உதவிப் பொறியாளரிடம் நேரில் கொடுங்கள். சென்னையானால் 12 அல்லது 13-ல் தொடங்கும் எண் முதலிலும் 80-ல் தொடங்கும் எண் பிறகும் வர வேண்டும். மாறிப்போனால் அந்தப் புள்ளி ஆர்க்டிக் பகுதியில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பக்கத்தில் போய் விழும்.