கிரிப்பில் யாருடைய பேர்தான் இல்லை?

திருகோணமலையில் ஒருவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்றால், தேநீர்க்கடையில் அதற்கு ஒரே விளக்கம்தான்: "அவன்ட பேர் கிரிப்பில விழுந்திட்டுது." கிரிப் என்பது ஏதோ கிணறு, கடன் கட்டாதவர்கள் மட்டும் அதற்குள் விழுவார்கள் என்பது போல. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மோட்டார் சைக்கிள் வாங்க என்.சி. வீதியில் ஒரு வங்கிக்குப் போனேன். அதிகாரி திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கட பேரில ஒரு ஓட்டோ லீசிங் மூன்று மாதம் நிலுவையில நிக்குதே" என்றார். எனக்கு ஓட்டோ ஓட்டவே தெரியாது.

கிரிப் என்று நாம் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதன் பங்குதாரர்கள். வங்கிகளும் நிதி, லீசிங் கம்பனிகளும் தாங்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு திரும்பி வந்தது, எத்தனை நாள் பிந்தியது என்று அங்கே அறிவிக்கின்றன. ஒழுங்காகக் கட்டினவரின் கணக்கும் போகிறது, கட்டாதவரின் கணக்கும் போகிறது. ஆகவே ஒரு கிரெடிட் கார்ட் வைத்திருந்தாலே உங்கள் பெயர் 'விழுந்துதான்' கிடக்கும். கறுப்புப் பட்டியல் என்று தனியாக ஒன்று அங்கே இல்லை. கடன் கொடு, கொடுக்காதே என்று பணியகம் யாருக்கும் சொல்வதும் இல்லை. அந்த முடிவு வங்கியுடையது. சில அதிகாரிகள் "கிரிப் விடவில்லை" என்று கையை விரிப்பது வசதிக்காகத்தான் என்பது என் எண்ணம்.

ஒரே பெயரில் ஊருக்குள் பத்துப் பேர் இருக்கும்போது இவருடைய கடன் எது, அவருடைய கடன் எது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? இங்கேதான் அடையாள அட்டை இலக்கம் வேலை செய்கிறது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. 1985 மார்ச் 1 இல் பிறந்த ஆணுக்கு 85, பிறகு 061. பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டி 561. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றுதான் கணக்கு. 1985 லீப் வருடம் இல்லை, ஆனாலும் மார்ச் 1 என்றால் 61 தான். 2016 இல் 12 இலக்க அட்டை வந்தபோது வருடம் நான்கு இலக்கமாக விரிந்தது, கடைசியில் இருந்த வி எழுத்து போய்விட்டது. பழைய இலக்கத்தில் ஒரு கடன், புதிய இலக்கத்தில் இன்னொரு கடன் என்று எடுத்திருந்தால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று யாராவது இணைக்க வேண்டும். ஒரு இலக்கம் தவறாகத் தட்டப்பட்டாலும் பிறத்தியாரின் நிலுவை உங்கள் வாசலில் வந்து நிற்கும்.

என் விஷயத்தில் அப்படி ஒரு பிழையும் இல்லை. சாம்பல்தீவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஓட்டோ எடுத்தபோது, "ஒரு கையெழுத்துத்தான்டா" என்றான். நானும் போட்டேன். பிணை நின்ற கடனும் நம் அறிக்கையில் ஏறும் என்று அன்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன், அது வேறு கதை.

அறிக்கையைக் கையில் எடுத்தால் முதலில் உங்கள் விபரம், பிறகு நடப்பிலும் முடிந்தும் உள்ள கடன்கள், ஒவ்வொன்றிலும் தவணை பிந்திய விதம், பணமில்லாமல் திரும்பிய காசோலைகள். எந்தெந்த நிறுவனம் உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பார்த்தது என்பதும் இருக்கும். குறுகிய காலத்தில் ஐந்தாறு நிறுவனங்கள் பார்த்திருந்தால், இவர் காசுக்கு அலைகிறார் என்று அடுத்தவர் நினைக்கக்கூடும். இதையெல்லாம் புள்ளியியல் முறையில் சுருக்கி, இவர் எதிர்காலத்தில் தவணை தவற எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்பிடுவதுதான் கடன் புள்ளி. ஆளின் குணத்துக்குப் போட்ட மார்க் அல்ல அது.

அறிக்கையில் இல்லாதவையும் உண்டு. சேமிப்பில் கிடக்கும் காசு தெரியாது. சீட்டுக் கட்டியது, பக்கத்து வீட்டில் வட்டிக்கு வாங்கி நாள் தவறாமல் கொடுத்தது எதுவும் தெரியாது. மீன் சந்தையில் இருபது வருடம் சொன்ன சொல் தவறாமல் கைமாற்று வாங்கிக் கொடுத்தவருடைய அறிக்கை வெறுமையாகவே வரும். வங்கிக்கு அவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. தெரியாதவர், அவ்வளவுதான். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது.

சரி, எடுப்பது எப்படி? அதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. வங்கிக் கிளையில் அடையாள அட்டையுடன் விண்ணப்பம் கொடுக்கலாம், பணியகத்தின் இணையத்தளத்திலும் பதிந்து கேட்கலாம். ஒரு கட்டணம் உண்டு. நீங்களே கேட்டு எடுப்பது கடன் விண்ணப்பமாகக் கணக்கில் வராது. அதனால் பயமில்லை.

பிழை இருந்தால் பணியகம் தானாக அழித்து எழுதாது. முறைப்பாட்டை வாங்கி, தகவல் கொடுத்த நிறுவனத்துக்கே அனுப்பும். திருத்த வேண்டியது அந்த நிறுவனம். நான் அண்ணனை நெருக்கி நிலுவையைக் கட்டவைத்தேன், சில மாதத்தில் முழு லீசிங்கும் முடிந்தது. ஆனால் மறுபடி எடுத்த அறிக்கையில் கடன் இன்னும் திறந்தே கிடந்தது. கம்பனியில் யாரோ முடிந்ததாக அறிவிக்க மறந்திருக்கிறார்கள். கடன் முடிந்ததற்கான கடிதத்தை அண்ணன் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பினேன். முறைப்பாட்டோடு அதன் பிரதியையும் இணைத்தேன், அப்புறம்தான் அந்த வரி மாறியது.

மோட்டார் சைக்கிளும் வந்துவிட்டது. அண்ணன் இப்போது நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்ற வேன் ஒன்று பார்க்கிறானாம். போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா நண்டு கொடுத்தனுப்பியிருந்தா.