டிரை நீடிலிங்: உலர்ந்திருப்பது எது?

கழுத்துப் பிடிப்போடு பிசியோதெரபி மையத்துக்குப் போனால் இப்போது பல இடங்களில் 'டிரை நீடிலிங்' என்ற பெயர் காதில் விழும். ஊசியைப் பார்த்ததும் "இது அக்குபஞ்சர்தானே?" என்று கேட்கத் தோன்றும். ஊசி அதேதான்: நடுவில் துளை இல்லாத, இழை போன்ற எஃகு ஊசி, தடிமன் பெரும்பாலும் 0.25 அல்லது 0.30 மி.மீ. தட்டி இறக்க உதவும் சிறு குழாயும் அதேதான். 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற மருத்துவர் புகுத்திய உத்தி அது. எங்கே குத்துவது, குத்திய பின் என்ன செய்வது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

அக்குபஞ்சர் சீன மருத்துவம். பெயர் மட்டும் லத்தீன். 'ஆக்குஸ்' என்றால் ஊசி, 'புங்க்தூரா' என்றால் குத்துதல். ஜப்பானில் பணியாற்றிய டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைன் 1683இல் வெளியிட்ட நூல் வழியாக ஐரோப்பாவுக்கு வந்த சொல் இது. சீனர்கள் 'ஜென்ஜியு' என்பார்கள்: ஊசியும் சூடும். மாசிபத்திரி இனத்து இலையைப் பஞ்சாக்கிக் கொளுத்திப் புள்ளியில் சூடு காட்டுவது அதில் சரிபாதி. லத்தீன் பெயரில் அந்தப் பாதி விடுபட்டுப்போனது.

தமிழில் 'குத்தூசி மருத்துவம்' நிலைத்துவிட்டது. கூரை வேய்கிற, சாக்குத் தைக்கிற பெரிய ஊசிக்கும் குத்தூசி என்றே பெயர் என்பதால் முதன்முறை கேட்பவர் கொஞ்சம் மிரளலாம். ஆனாலும் பொருள் சரி, புழக்கமும் இருக்கிறது, மாற்றத் தேவையில்லை. (தமிழ்நாட்டில் நாடி பார்த்து ஒரு புள்ளியை விரலால் தொடுவதோடு முடிக்கும் அக்குபஞ்சர்காரர்கள் நிறைய. அங்கே குத்தும் இல்லை, ஊசியும் இல்லை.)

சிக்கல் 'டிரை'யில். அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவெல் 1940களிலிருந்து, தசையில் இறுகிய வலிமுடிச்சுகளில் புரோக்கெய்ன் என்ற மரப்பு மருந்தை ஏற்றிவந்தார். மருந்தே இல்லாமல் ஊசி மட்டும் சரியான இடத்தில் பட்டாலும் வலி தணிகிறது என்று செக் மருத்துவர் காரெல் லெவிட் 1979இல் எழுதினார். திரவம் ஏற்றாத ஊசி என்பதே 'டிரை'. 'உலர் ஊசி' என்று மொழிபெயர்த்தால், ஈர ஊசி ஒன்று இருக்கிறதோ என்று நோயாளி யோசிப்பார். 'மருந்தில்லா ஊசி' தேவலை. ஆனால் அக்குபஞ்சரிலும் மருந்து இல்லையே! எதைக் குறிவைக்கிறது என்று சொல்லும் 'தசைமுடிச்சு ஊசிமுறை' எங்களுக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வேறுபாடு புரிய ஒரே இடத்தை எடுத்துக்கொள்வோம்: கழுத்தடி எலும்புக்கும் தோள்முனைக்கும் நடுவே உள்ள தோள்மேடு. சீன முறையில் அது 'ஜியான்ஜிங்', பித்தப்பைத் தடத்தின் 21ஆம் புள்ளி (தடம் என்பது உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சீன மருத்துவம் கருதும் பாதை). அக்குபஞ்சர் மருத்துவர் நாடியும் நாக்கும் பார்த்து, அதனுடன் கை, கால் புள்ளிகளையும் சேர்ப்பார். ஊசியை மெல்லத் திருகி, கனமாக, மதமதவென்று ஓர் உணர்வு வந்ததும் விட்டுவிடுவார். ஊசிகள் சுமார் 20 முதல் 30 நிமிடம் அப்படியே இருக்கும்.

தசைமுடிச்சு ஊசிமுறையில் தடங்கள் கிடையாது. தோள்மேட்டில் உள்ள டிரபீசியஸ் தசையை விரல்களால் கிள்ளித் தூக்கி, கயிறு போல் இறுகிய இழையைத் தடவிக் கண்டுபிடிப்பார்கள். முடிச்சில் ஊசியை இறக்கி மேலும் கீழும் அசைக்கும்போது தசை சட்டென்று துடிக்கும். சரியான இடம் என்பதற்கு அதையே அடையாளமாகக் கொள்பவர்கள் பலர். ஒரு முடிச்சுக்குச் சில நொடிகள் போதும். அப்போது வலிக்கும், பிறகும் ஓரிரு நாள் அடிபட்டது போல் இருக்கும். இதன் பலவீனமும் அந்த விரல்தான்: இருவர் ஒரே தசையைத் தடவி வெவ்வேறு இடத்தைக் காட்டுவது உண்டு. அக்குபஞ்சர் ஆய்வுகளிலோ, நாள்பட்ட வலியில் உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையிலான வித்தியாசம் சிறிதாகவே தெரிகிறது. எனவே எதையும் முழுத் தீர்வு என்று விற்பவரிடம் கவனம் தேவை.

தோள்மேட்டுக்கு அடியில் நுரையீரலின் உச்சி இருக்கிறது. தசையைக் கிள்ளித் தூக்காமல் ஊசியை நேரே கீழ்நோக்கி ஆழமாக இறக்கினால் நுரையீரல் உறை துளைபட்டு காற்று கசியும். அரிதுதான், ஆனால் இரு முறையிலும் நடக்கக்கூடியது. அறிகுறி மேசையிலேயே தெரிய வேண்டும் என்பதில்லை, சில மணி நேரம் கழித்தும் வரலாம்: மூச்சு வாங்குதல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், வறட்டு இருமல். வந்தால் ஊசி போட்டவருக்குப் போன் செய்து காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தில் ஜியான்ஜிங்கைத் தொடுவதில்லை என்பது அக்குபஞ்சரின் பழைய விதி.